போய்விட்டது என்று யார் சொல்வது

ஓய்வு பெற்ற மறு வருடம் நான் கல்லூரியில் சேர்ந்தேன். பாடம், தகவல் முறைமை. கூடலூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வகுப்பு நடத்தும் ஒரு சிறிய கல்லூரி அது. வேலைக்குப் போகிறவர்களுக்காக என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வேலையை முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இடமில்லை என்று எங்கும் போடவில்லை. விதிமுறைகளை ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பார்த்த பிறகுதான் விண்ணப்பித்தேன்.

ஏன் இந்தப் பாடம் என்று எல்லோரும் கேட்டார்கள். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலம் முழுக்க ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்துக்குக் கணினி வந்த பிறகு, ஒரு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் திரையில் உள்ள காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழெட்டுக் காரணங்கள் இருக்கும். ஒன்றுகூட எங்கள் காரணமாக இருக்காது. கடைசியில் ‘இதர’ என்று ஒன்று இருக்கும். நாங்கள் எல்லோரும் அதையே அழுத்தினோம். மாதாந்திரக் கூட்டத்தில், இந்த மாவட்டத்தில் விண்ணப்பங்கள் திரும்புவதற்கான முதன்மைக் காரணம் ‘இதர’ என்று மேலதிகாரி வாசிப்பார். நாங்கள் பயபக்தியோடு குறித்துக்கொள்வோம். அந்தத் திரையை எழுதிய ஆளை ஒரு தரமாவது நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது நடக்காது என்று தெரிந்ததும், அப்படிப்பட்ட ஆட்களை உருவாக்கும் இடத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

“பென்ஷன் வாங்கற வயசுல ஹால் டிக்கெட்டா?” என்றார் கணவர். “ஊட்ல மிக்ஸி ரிப்பேராயிக் கெடக்குது. அதையப் படிச்சா ஆவாதா?”

“அதுக்கு சர்ட்டிபிகேட் தரமாட்டாங்களேங்க” என்றேன்.

வகுப்பில் எல்லோரும் என்னை மேடம் என்றார்கள். என் மகன் வயதுள்ள ஆசிரியரும் மேடம் என்றார். நான் அவரை சார் என்றேன். இப்படி ஒருவருக்கொருவர் மரியாதை செலுத்தியே முதல் வருடம் போயிற்று. இந்த ஊருக்குப் பொருத்தமாக ஓர் உவமை வைத்திருந்தார் அவர். தரவு என்பது பச்சை இலை, தகவல் என்பது டீத்தூள், நடுவில் இருக்கும் ஃபாக்டரிதான் முறைமை. “அப்ப இலையே வராத அன்னிக்கு ஃபாக்டரி என்ன சார் பண்ணும்?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எங்களைத் தேடிக்கொண்டு திரும்பி வரும் என்று அப்போது எனக்கும் தெரியாது.

கடைசி வருடத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு திட்டப்பணி செய்ய வேண்டும். நிஜமான மனிதர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் ஒரு முறைமையை வடிவமைத்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால், வைவா என்னும் வாய்மொழித் தேர்வில், விளக்க வேண்டும். என்னோடு சேர யாரும் முந்தவில்லை. வகுப்பில் இன்னொரு பெண்ணோடும் யாரும் சேரவில்லை. தேவர்சோலைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க அவள் பாதி வகுப்பில் எழுந்து போய்விடுவாள். மிஞ்சியவர்கள் இரண்டு பேரும் ஒரு குழுவானோம்.

அவள் ஒரு டீ ஃபாக்டரி ஆபீசில் வேலை பார்த்தாள். அவளுடைய அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். அப்பா இல்லை. எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளான லைன் வீடுகளில் ஒன்றில் அம்மாவும் மகளும் மட்டும். லைன் வீடுகள் ஒரு மேட்டில் இருக்கின்றன. ஃபாக்டரியும் கொழுந்துக் காடும் எதிர் மேட்டில். நடுவில் ஓடை, சதுப்பு, மூங்கில் புதர். ஜீப் போகும் ரோடு வெகுதூரம் சுற்றிக்கொண்டு போகும் என்பதால் பெண்கள் எல்லோரும் காலையில் ஓடைப் பாதையில்தான் நடப்பார்கள். அதே பாதையில்தான் யானைகளும் நடக்கும்.

“வாட்ஸாப் குரூப் ஒண்ணு இருக்கு மேடம்” என்றாள் அவள். “யார் பாத்தாலும் அதுல சொல்வாங்க. ஆனா நடுவுல பொறந்தநாள் வாழ்த்து, குட்மார்னிங் ரோஜாப்பூ, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் வந்துரும். அம்மா கீழ இருந்து மேல தேடிப் பாக்கறதுக்குள்ள பெரட்டு முடிஞ்சுரும்.” பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி, யாருக்கு எந்தக் காட்டில் வேலை என்று பிரித்துவிடுவது. அதற்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை.

ஆகவே நாங்கள் ஒரு படம் செய்தோம். பாதையில் உள்ள இடங்கள் அதில் இருக்கும். யானையைப் பார்த்தவர் அந்த இடத்தை அழுத்தினால் அது சிவப்பாகும். சிவப்பு இல்லாவிட்டால் பச்சை. அவ்வளவுதான். நிரல் எழுதியது முழுக்க அவள். நான் எழுதியது பயனாளர் கையேடு. அதில் ‘செய்யக் கூடாதவை’ என்ற பகுதி, ‘செய்ய வேண்டியவை’ பகுதியைவிட மூன்று மடங்கு நீளம்.

லைன் வீட்டுப் பெண்கள் சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். முதல் சில நாட்கள் நன்றாகவே போயிற்று. யார் எங்கே யானையைப் பார்த்தாலும் உடனே அழுத்தினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் படம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. ஓடை சிவப்பு, பாலம் சிவப்பு, மூங்கில் சிவப்பு, கோயிலடி சிவப்பு. அத்தனை யானை இந்தத் தாலுகாவிலேயே கிடையாது.

யானை வந்ததைச் சொல்ல ஒரு பொத்தான் இருந்தது போல, போனதைச் சொல்லவும் ஒரு பொத்தான் வைத்திருந்தோம். அதை ஒருவர்கூட அழுத்தவில்லை.

ஏன் என்று கேட்க நானே லைன் வீட்டுக்குப் போனேன். வேலை விட்டு வந்த பெண்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மா எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு, தான் படியில் உட்கார்ந்தார்.

“போயிருச்சுன்னு ஏம்மா அழுத்தறதில்ல?”

“போனத யாரு மேடம் பாத்தா? வந்ததத்தான பாத்தோம். பாத்ததும் ஓடியாந்துட்டோம்.”

“அடுத்த நாள் அந்தப் பக்கம் போகும்போது இல்லீன்னா அழுத்தலாமில்ல?”

பக்கத்து வீட்டுப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இல்லைன்னு நான் அழுத்திட்டுப் போவேன். பொதருக்குள்ள நிக்கறது எனக்குத் தெரியுமா? பின்னாடி வர்றவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, ‘இவதான் போயிருச்சுன்னு சொன்னா’ன்னு எம் பேர்தான நிக்கும்?”

“பேர் வராதுங்க. யார் அழுத்தினாங்கன்னு படத்துல காட்டாது.”

“உங்க மிஷினுக்குத் தெரியாது மேடம். லைனுக்குத் தெரியும்” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு இது புதிய செய்தியே அல்ல. ஒரு கோப்பைத் தொடங்க எங்கள் அலுவலகத்தில் யாரும் தயங்கியதில்லை. ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி முடித்துவைக்கத்தான் ஆள் கிடைக்காது. நாளைக்கு ஏதாவது கிளம்பினால் அந்த வரிக்குக் கீழே இருக்கும் கையெழுத்தைத்தான் முதலில் தேடுவார்கள். படித்தவர்களின் அலுவலகமும் இந்த லைனும் ஒரே காரணத்துக்காக ஒரே இடத்தில் நின்றன. ஒரே வித்தியாசம், எங்கள் அலுவலகத்தில் யானை கிடையாது.

வழிகாட்டி ஆசிரியரிடம் படத்தைக் காட்டினோம். அவர் சிவப்பைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “ஒரு ரெகார்டு உருவானா அது ஒரு நாள் முடியணும் மேடம். முடியாத ரெகார்டை வச்சுட்டு வைவாவுக்குப் போனா எக்ஸ்டர்னல் அங்கேயே நிறுத்திருவார்.” பிறகு எளிய வழி ஒன்றைச் சொன்னார். ஓர் இடத்தில் நான்கு மணி நேரம் புதிய தகவல் வராவிட்டால், யானை போய்விட்டது என்று வைத்துக்கொண்டு முறைமையே அதைப் பச்சையாக்கிவிட வேண்டும். “எல்லா சிஸ்டத்துலயும் இருக்கறதுதான். உங்க பேங்க் ஆப் தானா லாக் அவுட் ஆகறதில்லையா?”

வங்கிச் செயலி ஆளை மிதிக்காது என்று சொல்ல நினைத்தேன். வெளியே வந்து அவளிடம் சொன்னேன்.

“குறித்த காலத்துக்குள்ள மறுப்பு வரலீன்னா சம்மதிச்சதாக் கருதப்படும்னு நாங்க கடிதம் போடுவோம். அந்தக் கடிதம் போய்ச் சேராத ஆளும் சம்மதிச்சவர் கணக்குலதான் வருவாரு. எனக்கு இது பயமா இருக்குது சாமி.”

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எனக்கும் பயம்தான் மேடம். ஆனா இப்ப இருக்கறதும் சரியில்ல. எப்பப் பாத்தாலும் செவப்புன்னா அம்மா போனை எடுக்கவே மாட்டாங்க. நேத்து சூப்பர்வைசர் வேற, ‘உங்க பொண்ணு செஞ்ச படத்துல என் வீட்டு அடுப்படியிலகூட யானை நிக்குது’ன்னு பெரட்டுல வச்சுக் கிண்டல். அம்மா ராத்திரி சாப்பிடல.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எப்போதும் அடிக்கும் மணியை யாரும் கேட்பதில்லை. திட்ட அறிக்கையில் என் ஆட்சேபணையை ஒரு பத்தியாக எழுதிச் சேர்த்தேன். அது பிற்சேர்க்கைக்குப் போயிற்று. ஆட்சேபணைகள் வழக்கமாகப் போகிற இடம் அதுதான்.

தானாகப் பச்சையாகும் விதி வந்ததும் படம் அழகாகிவிட்டது. சிவப்பு வரும், சில மணி நேரத்தில் போகும். பெண்கள் காலையில் போனைப் பார்த்துவிட்டு நடந்தார்கள். சூப்பர்வைசர் கிண்டலை நிறுத்தினார். ஆசிரியர், “பாத்தீங்களா மேடம்?” என்றார். எனக்கு மட்டும் தூக்கம் கெட்டது. விடியும்போதே எழுந்து, பல் துலக்குவதற்கு முன்னால் போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்ப்பது வழக்கமாயிற்று. என் கண் முன்னாலேயே சிவப்பு பச்சையாக மாறும். யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள், யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். நிறம் மட்டும் மாறும். அந்த நேரத்துக்கு அவளுடைய அம்மா இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பச்சையை நம்பி அவர் நடக்கப்போவது எனக்குத் தெரியும். அது யாருடைய பச்சை என்பது எனக்குத் தெரியாது.

“யானை நடமாடறது தேவர்சோலைல. ஊட்டுக்குள்ள நடமாடறது நீ” என்றார் கணவர்.

பிறகு அந்த மழை வந்தது. முதல் நாள் மாலை ஓடையடியில் ஒரு சிவப்பு இருந்தது. இரவு காற்றும் மழையும் விடாமல் அடித்தன. கூடலூரிலேயே கரண்ட் விட்டுவிட்டுத்தான் இருந்தது. விடியற்காலையில் போனை எடுத்தேன். படத்தில் ஒரு சிவப்புகூட இல்லை. ஓடை, பாலம், மூங்கில், கோயிலடி, எல்லாம் பச்சை. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு சுத்தமான படத்தை நான் பார்த்ததில்லை.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. காபிக்குப் பால் வைத்தேன். பால் பொங்குவதற்குள் மறுபடி படத்தைப் பார்த்தேன். இவ்வளவு மழையில், யானை தேடி வரும் பலா பழுத்துக் கிடக்கும் மாதத்தில், இரவு முழுக்க ஒருவரும் ஒன்றையும் பார்க்கவில்லையா? நாய்கூடக் குரைக்கவில்லையா? அவளுக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது. அவளுடைய அம்மாவின் எண்ணுக்கும் அதே குரல். ஃபாக்டரி ஆபீஸுக்கும் அதே.

டவர் விழுந்திருக்கிறது. அல்லது கரண்ட் போய் டவரின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அந்த மேட்டிலிருந்து இரவு முழுக்க எந்தத் தகவலும் வெளியே வந்திருக்க முடியாது. தகவல் வரவில்லை என்பதால் எங்கள் முறைமை, யானை இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டது. இலையே வராத அன்று ஃபாக்டரி என்ன செய்யும் என்று கேட்டேனே, இதைத்தான் செய்யும். வெறும் இயந்திரத்தை ஓட்டி, பாக்கெட் போட்டு, பச்சை லேபிள் ஒட்டி அனுப்பும்.

படம் திறக்க வேண்டுமானால் அங்கேயும் நெட்வொர்க் வேண்டும்தானே என்று என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். முடியவில்லை. நெட்வொர்க் போனால் கடைசியாகத் தெரிந்த படம் போனில் அப்படியே இருக்கும்படி செய்திருந்தோம். அவர்கள் போனில் உள்ள படத்தில் ஓடையடி எந்த நிறத்தில் நின்றது, சிவப்பிலா, மாறிய பிறகா? நான்கு மணி நேரக் கணக்கை அவரவர் போனே வைத்துக்கொள்ளும்படி அவள் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. அதை நானே கையேட்டில் ‘சிறப்பம்சங்கள்’ என்ற தலைப்பில் சேர்த்திருந்தேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடி ஊர் பார்த்ததில்லை. டிரைவர் மலையாளம் கலந்து பேசுகிறவர். “ஈ மழையில அங்கோட்டுப் போகணுமா சேச்சி? ராத்திரி ஆனை எறங்கியிருக்கும் கேட்டோ” என்றார்.

“அதுக்குத்தான் போறேன். வண்டிய எடுங்க.”

வழி நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் பச்சையாகவே இருந்தது. பெரட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. லைனுக்குச் சற்றுக் கீழே ரோட்டில் ஒரு சில்வர் ஓக் மரம் விழுந்து கிடந்தது. ஜீப் அதற்கு மேல் போகாது. குடையை விரித்துக்கொண்டு இறங்கி ஏறத் தொடங்கினேன். ரோடு மேலே போய், ஓடைப் பாதை தொடங்கும் முனைக்குப் பக்கத்தில் சேரும். மூடுபனியில் என் குடைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

திடீரென்று குரல்கள் கேட்டன. “ஆள் வருது! ஆள் வருது!” நான் இன்னும் நாலடி வைத்ததும் பனி விலகியது. பாதை முனையில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். முன்னால் அவளுடைய அம்மா.

ஏன் கிளம்புகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பாதையின் குறுக்கே கைகளை விரித்துக்கொண்டு அவள் நின்றுகொண்டிருந்தாள், என் குழுவின் அடுத்த பாதி. மழையில் நனைந்திருந்தாள். அவள்தான் கத்தினாள்: “மேடம், நீங்க எந்த வழியா வந்தீங்க?”

“ஜீப்ல. ரோட்டு வழியாத்தான்.”

முதல் வரிசை சட்டென்று நின்றது. பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் மோதினார்கள்.

அப்புறம்தான் புரிந்தது. சந்தேகமான காலைகளில் அவர்கள் யாரையும் எதையும் கேட்பதில்லை. பாதை முனையில் நிற்பார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் நடந்து வந்து சேர்ந்தால் கிளம்புவார்கள். வந்தவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. வந்து சேர்ந்ததே போதும். பனியில் குடையோடு முளைத்த என்னை அவர்கள் ஓடையைத் தாண்டி வந்த ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள். முறைமையின் பிழையைத் தடுக்க ஓடி வந்தவள், வந்த வேகத்தில் அதன் அடுத்த பிழையாக ஆகியிருந்தேன்.

“விடிஞ்சதுலேர்ந்து நிக்கறா மேடம்” என்று அவளுடைய அம்மா மகளைக் காட்டிச் சொன்னார். “போன்ல பச்சை இருக்கு, போலாம்டின்னா விடமாட்டேங்கறா. நீதானடி இதைச் செஞ்ச? ஒன் மிஷின ஒனக்கே நம்பிக்கை இல்லைன்னா எங்களுக்கு எதுக்குடி குடுத்த?”

“அம்மா, சும்மா இரு.”

“சூப்பர்வைசர் இன்னிக்கு வேலை இல்லைன்னு சொன்னா நீ ஏறிப் பறிப்பியா?”

“பறிக்கறேன். நில்லு.”

நின்றோம். மழைத்துளி மரத்திலிருந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கீழே, ஓடைப் பக்கம், மூங்கில் ஒன்று முறிந்தது. நிதானமாக முறித்த சத்தம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என் முழங்கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

பனி நன்றாகக் கலைந்த பிறகு எதிர் மேட்டிலிருந்து ஃபாக்டரி இரவுக் காவலர் வந்தார். ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர். “ரெண்டு. குட்டியோட. ஓடையிலயே நின்னுச்சு. இப்பத்தான் ஓடை வழியா மேல சோலைக்குள்ள ஏறுச்சு, அதுவரைக்கும் நான் ஸ்டோர் கூரைமேல” என்றார். அவர் பேண்ட் முழங்கால் வரை சேறாக இருந்தது. பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். அவளுடைய அம்மா போகிற போக்கில் மகளின் தலையைத் தன் துண்டால் ஒரு முறை அழுத்தித் துடைத்துவிட்டுப் போனார்.

அவள் அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். “நான் லீவ் போட்டுட்டுத் தினமும் இங்க வந்து நிக்க முடியாது மேடம்” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தானாகப் பச்சையாகும் விதியை அவள் எடுத்துவிட்டாள். ஆசிரியர் கோபிக்கவில்லை, கவலைப்பட்டார். பதிலுக்கு மூன்றாவதாக ஒரு நிறம் வைத்தாள், சாம்பல். தகவல் இல்லை என்றால் சாம்பல். டவர் பேசவில்லை என்றாலும் சாம்பல். யானை போய்விட்டது என்று சொல்லும் பொத்தானைத் தூக்கிவிட்டு, ‘தாண்டிட்டேன்’ என்று ஒன்று வைத்தாள். பாதையைக் கடந்து முடித்தவர் அதை அழுத்தினால் அந்த இடம் பச்சையாகும். கொஞ்ச நேரத்தில் மறுபடி சாம்பலாகிவிடும். யாரும் எதையும் உறுதி சொல்ல வேண்டியதில்லை. நான் வந்து சேர்ந்தேன் என்று தன்னைப் பற்றி மட்டும் சொன்னால் போதும்.

“தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு மிஷினா?” என்றார் அவளுடைய அம்மா. “அதான் எங்களுக்கே தெரியுமே.” ஆனால் புதிய பொத்தானை அன்றைக்கே அழுத்திப் பழகிக்கொண்டார்கள். தாண்டி வந்ததைச் சொல்வதில் அவர்களுக்குத் தயக்கமே இல்லை. சிலர் இரண்டு முறை அழுத்தினார்கள்.

வைவாவுக்கு வந்த தேர்வாளர் கோயமுத்தூரிலிருந்து மலை ஏறி, தலை சுற்றி, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். “இந்த ரெகார்டு எப்பம்மா முடியும்? பச்சையும் சாம்பலுக்குத்தான் வருது, செவப்பும் சாம்பலுக்குத்தான் வருது.”

“முடியாது சார்” என்றாள் அவள். “யானை அங்க இல்லைன்னு யாராலயும் பாக்க முடியாது. நாங்க ஒரு தடவை முடிச்சு வச்சுப் பாத்தோம்.” அந்தக் காலையைச் சொன்னாள். அவர் மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டு கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். “மேடம், இதுல உங்க பங்கு என்னங்க?”

“ஆட்சேபணைப் பிரிவுங்க” என்றேன். “பிற்சேர்க்கையில இருக்குது.”

அவர் பிற்சேர்க்கையைத் திருப்பிப் பார்த்தார். பணியில் இருந்த காலத்திலும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஒரு மனிதர் பிற்சேர்க்கையைத் திருப்பியதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு பேரும் தேறினோம். பட்டச் சான்றிதழை என் கணவர் மிக்ஸிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறார்.

ஆனால் அந்தப் படத்தைப் பார்ப்பது நிற்கவில்லை. சாம்பலைப் பச்சையாக்க முதலில் ஒருவர் எதுவும் தெரியாமல் நடந்தாக வேண்டும். அதற்கு எங்களிடம் எந்தப் பொத்தானும் இல்லை, எந்தப் பாடத்திலும் இல்லை. பெரும்பாலும் அந்த முதல் ஆள் வீடு திரும்பும் காவலர். அவருக்கு வார விடுமுறை வரும் நாளில் அவளுடைய அம்மா. “யாராச்சும் போவணுமே மேடம்” என்றார், அதைப் பற்றி நான் கேட்டபோது. ஒரு தகர டப்பாவைக் கம்பால் தட்டிக்கொண்டே போவாராம். மற்றவர்கள் முனையில் நின்று தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாம்.

கூடலூரில் என் சமையலறைக்கு அந்தச் சத்தம் கேட்காது. அந்த நாட்களில் போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு நிற்பேன். ஓடையடி சாம்பலாக இருக்கும். கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு இப்போது உத்தேசமாகத் தெரியும். சென்ற வாரம் அந்த நேரம் தாண்டியது. அதற்கு மேலும் தாண்டியது. பால் பொங்கி வழிந்தது. “அடுப்ப அணைக்கலாமில்ல?” என்று கணவர் உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே அணைத்தார். அந்த அம்மாவின் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

“என்னா மேடம்?” என்றார் மூச்சு வாங்க.

“எங்கம்மா இருக்கீங்க?”

“காட்டுலதான். பெரட்டெல்லாம் முடிஞ்சு பறிக்கத் தொடங்கிட்டோம்.”

“பொத்தான அழுத்தலியே?”

“கை ஈரமா இருந்துச்சு மேடம். போன் எடுத்துக்க மாட்டேன்னுச்சு. அப்புறம் மறந்துட்டேன். மத்தவங்களும் டப்பா சத்தத்தக் கேட்டே வந்துட்டாங்க, யாரும் போனத் தொடல.” பிறகு, “இப்ப அழுத்தட்டா?” என்று கேட்டார்.

இப்போது அழுத்தினால் அது இப்போதைய பாதையைப் பற்றிய செய்தி ஆகாது, விதிப்படி தவறு. கையேட்டில் ‘செய்யக் கூடாதவை’ பகுதியில் நானே அதை எழுதியிருக்கிறேன்.

“வேண்டாங்க” என்றேன். “கையத் தொடச்சுட்டு வேலையப் பாருங்க.”

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். ஓடையடி சாம்பலாகவே இருந்தது. அடுப்பு மேடையைத் துடைக்கத் தொடங்கினேன்.